மெயிலில் வரும் ரிப்பேர் வேலைகளைத் தானாக டேட்டாபேஸில் ஏற்ற என்ன வழி?

ஒற்றியூர் மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் கன்டெய்னர் ரிப்பேர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியின் ஆபீஸ் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்குச் சொந்த யார்டு கிடையாது. மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் இருக்கும் கன்டெய்னர் டிப்போக்களுக்கு எங்கள் வெல்டர்களும் ஹெல்பர்களும் நேரில் போய் வேலை பார்ப்பார்கள். டென்ட் (நசுங்கல்) எடுப்பது, பேட்ச் அடிப்பது, கதவு ரப்பர் மாற்றுவது, தரைப் பலகை மாற்றுவது, அடியில் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) வைப்பது, இதெல்லாம்தான் எங்கள் வேலை.

வேலை மொத்தமும் மெயிலில்தான் வருகிறது. கப்பல் லைன் ஏஜென்ட், டிப்போ சூப்பர்வைசர், சர்வேயர் என்று எல்லோரும் ஒரே ஜிமெயிலுக்கு அனுப்புவார்கள். ஆளுக்கு ஒரு பழக்கம். ஒருவர் ஐந்து பாக்ஸ் (கன்டெய்னர்) நம்பரை வரிசையாக எழுதி "அப்ரூவ்டு, நாளைக்குள் முடிக்கவும்" என்று போடுவார். இன்னொருவர் எக்செல் இணைத்து அனுப்புவார். வேறொருவர் சப்ஜெக்டில் நம்பரை எழுதிவிட்டு உள்ளே போட்டோ மட்டும் வைப்பார். போன வாரத்து மெயிலுக்கே ரிப்ளை போட்டு அதன் நடுவில் புது வேலை சொல்பவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குப் பெரிய தலைவலி இவர்களால்தான்.

நானும் இன்னொரு பெண்ணும் அதையெல்லாம் படித்து எக்செலில் தட்டி, அதிலிருந்து ஜாப் கார்டு எழுதி, காலையில் ஆட்கள் கிளம்பும்போது கையில் கொடுக்கிறோம். எங்கள் வெல்டர்களுக்குப் பீஸ் ரேட், செய்த வேலைக்கு மட்டும்தான் கூலி. ஒரு பாக்ஸ் கார்டில் வரவில்லை என்றால் அந்தக் கூலி அன்றைக்கு அவருக்கு இல்லை. மணலி வரை போய் நிற்பவரிடம் இங்கிருந்து போன் செய்து "அண்ணே, இன்னொரு பாக்ஸ் இருந்தது, பார்க்கவில்லை" என்று சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. கப்பலின் கட் ஆஃப் நேரம், அதாவது பாக்ஸை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம், தாண்டிவிட்டால் அந்தப் பாக்ஸ் டிப்போவிலேயே தங்கிவிடும், லைன்காரர் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார்.

பில் போடுவதற்காக ஆபீஸ் கம்ப்யூட்டரில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஏற்கெனவே ஓடுகிறது. எனக்கு அதில் கேள்வி எழுதி எடுக்கத் தெரியும், பைத்தான் கொஞ்சம் தெரியும். மெயில் வந்ததும் கன்டெய்னர் நம்பர், டிப்போ, என்ன வேலை, எப்போதைக்குள் என்ற நான்கும் தானாக டேபிளில் விழ வேண்டும். கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் செய்வதா, பைத்தானா? இதே மாதிரி செய்தவர்கள் இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

---

ஜீரோ கேட் பதில்:

வணக்கம்மா. ராயபுரத்தில் ஃபோர்க்லிஃப்ட் சர்வீஸ் செய்யும் ஒரு கடைக்கு இதே வேலையைச் செய்து கொடுத்து, இன்றும் பார்த்துக்கொள்கிறேன். மெயில்கள் உங்களுடையது போலத்தான், ஒன்றுகூட ஒரே மாதிரி வராது.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெயிலைப் படித்து நேராக வேலை டேபிளில் எழுதாதீர்கள். இரண்டு டேபிள் வையுங்கள். முதல் டேபிளில் வந்த ஒவ்வொரு மெயிலும் வந்தபடியே முழுசாக உட்கார வேண்டும், புரிந்தாலும் புரியாவிட்டாலும். அதிலிருந்து பிரித்து எடுத்தது இரண்டாவது டேபிளுக்குப் போகும். ஒரு மெயிலில் எட்டுப் பாக்ஸ் இருந்தால் இரண்டாவதில் எட்டு வரி. ஒன்றும் பிரிக்க முடியாத மெயில் "ஆள் பார்க்க வேண்டும்" என்ற நிலையில் திரையின் உச்சியில் நிற்கும். நீங்கள் பயப்படுவது மெயில் தொலைவதற்குத்தானே? பிரிக்கும் நிரல் எவ்வளவு சுமாராக இருந்தாலும் இந்த அமைப்பில் மெயில் தொலையாது. பிரிப்பதை அப்புறம் நிதானமாகத் திருத்திக்கொண்டே போகலாம், பழைய மெயில்களை மறுபடி அதில் ஓட்டியும் பார்க்கலாம்.

ஆப்ஸ் ஸ்கிரிப்டா பைத்தானா என்றால் உங்களுக்குப் பைத்தான்தான். டேட்டாபேஸ் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் கூகுளின் கம்ப்யூட்டரில் ஓடுவது, அது உங்கள் மைஎஸ்க்யூஎல்லைத் தொட வேண்டும் என்றால் டேட்டாபேஸை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட வேண்டும். வேண்டவே வேண்டாம். இன்னொரு வம்பும் அதில் உண்டு. அதன் சாதாரண ஜிமெயில் சேவையில் லேபிள் ஒட்டினால் மொத்த உரையாடலுக்கும் ஒட்டும். "முடிந்தது" என்று லேபிள் போட்ட பழைய உரையாடலில் புது ரிப்ளை வந்தால், லேபிளை நம்பி வேலை செய்யும் ஸ்கிரிப்ட் அதைத் தவறவிடக்கூடும். உங்கள் தலைவலியே அந்த ரிப்ளைகள்தான் என்கிறீர்கள்.

பைத்தானில் ஐமேப் என்ற மெயில் எடுக்கும் முறை வழியாக 993 போர்ட்டில் ஜிமெயிலோடு பேசலாம். சாதாரண பாஸ்வேர்டைக் கூகுள் ஏற்காது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்று எடுங்கள். கணக்கின் பாஸ்வேர்டை யாராவது மாற்றினால் இந்த ஆப் பாஸ்வேர்டு உடனே செத்துவிடும், புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். ஆபீஸில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மெயிலை எடுக்கும்போது "பாடி பீக்" என்ற முறையில் எடுங்கள். சும்மா எடுத்தால் மெயில் படித்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். நீங்கள் இருவரும் ஜிமெயிலைத் திறந்து தடித்த எழுத்தில் இருப்பதைத் தேடும்போது எல்லாம் படித்த மாதிரி மெலிந்து கிடக்கும்.

ஒவ்வொரு மெயிலுக்கும் தலைப்பகுதியில் மெசேஜ் ஐடி இருக்கும். முதல் டேபிளில் அதற்கு யுனீக் போட்டுவிடுங்கள். ஸ்கிரிப்ட் பாதியில் நின்று மறுபடி ஓடினாலும் ஒரே மெயில் இரண்டு தடவை ஏறாது. எழுத்து வகை யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 தமிழைத் தாங்கும், ஆனால் சூப்பர்வைசர் ஒரு கட்டைவிரல் பொம்மை போட்டு அனுப்பினால் அந்த வரி ஏறாமல் பிழை அடிக்கும்.

இப்போது உங்கள் தொழிலில் இருக்கும் பெரிய வரத்துக்கு வருகிறேன். எங்கள் ஃபோர்க்லிஃப்ட்காரர்களுக்கு இது இல்லையே என்று எனக்கு ஏக்கமே உண்டு. கன்டெய்னர் நம்பர் தன்னைத் தானே சரிபார்க்கும். ஐஎஸ்ஓ 6346 தரப்படி நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் பெட்டி மாதிரிக் கட்டத்துக்குள் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கு மதிப்பு உண்டு: ஏ 10, பி 12, சி 13 என்று போய் இசட் 38இல் முடியும், நடுவில் 11, 22, 33 மூன்றையும் விட்டுவிடுவார்கள். முதல் இடத்தை 1ஆல் பெருக்கு, அடுத்ததை 2ஆல், பிறகு 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவது இடத்தை 512ஆல் பெருக்கு. எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 என்றால் 0. வழக்கமாகக் காட்டும் உதாரணம் சிஎஸ்க்யூயூ 305438. கூட்டுத்தொகை 6185, மீதி 3. ஆகவே முழு நம்பர் சிஎஸ்க்யூயூ 3054383.

பைத்தானில் இது பத்து வரிகூட வராது. மெயிலில் இடைவெளி, கோடு, புள்ளி எதைப் போட்டு எழுதியிருந்தாலும் அவற்றை நீக்கிவிட்டு நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் சேர்ந்து வரும் இடத்தைத் தேடுங்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக வந்தால் அது பெரும்பாலும் கன்டெய்னர் நம்பர்தான். போன் நம்பரோ இன்வாய்ஸ் நம்பரோ வேலையாக மாறி உள்ளே நுழைவது அரிது. அனுப்பியவர் ஒரு இலக்கத்தைத் தப்பாகத் தட்டியிருந்தால் பெரும்பாலும் கணக்கு இடிக்கும். அதை ஆள் பார்க்கும் வரிசையில் தள்ளுங்கள், நீங்களாகத் திருத்தாதீர்கள். சுழியத்துக்குப் பதில் ஓ என்று எழுதியிருந்தால் மட்டும் மாற்றிப் பார்த்து, கணக்கு ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

டிப்போவுக்கு அனுப்புநர் முகவரியை வைத்து ஒரு சின்ன டேபிள் போதும், இந்த முகவரி என்றால் இந்த டிப்போ என்று. எக்செல் இணைப்பைப் படிக்க ஓபன்பைஎக்செல் என்ற பைத்தான் லைப்ரரி. பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வந்தால் அதற்கு எக்ஸ்எல்ஆர்டி வேண்டும்.

---

பெரம்பூர் லோகோ பதில்:

இவ்வளவு பாடு எதற்கு? கூகுள் ஃபார்ம் ஒன்று செய்து எல்லோருக்கும் லிங்க் அனுப்புங்கள். கன்டெய்னர் நம்பர், டிப்போ, வேலை, தேதி எல்லாம் தனித்தனிக் கட்டமாக வந்துவிடும். பிரிக்கும் வேலையே இருக்காது. ஒழுங்கில்லாத மெயிலைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட வரும் இடத்திலேயே ஒழுங்குபடுத்துவது மேல்.

---

ஒற்றியூர் மகள் எழுதியது:

லோகோ அண்ணா, கம்பெனிக்குள் இருப்பவர்கள் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் இவர்கள் எங்களுக்கு வேலை கொடுப்பவர்கள். யார்டில் வெயிலில் நின்றுகொண்டு போனில் மெயில் தட்டும் சூப்பர்வைசரிடம் ஃபார்ம் நிரப்பச் சொன்னால் அவர் பக்கத்து கம்பெனிக்கு மெயில் போட்டுவிடுவார். எங்களிடம் பழகிய சில பேரிடம் "புது வேலைக்குப் புது மெயில் போடுங்கள் சார்" என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

ஜீரோ கேட் அண்ணா, அந்தக் கடைசி இலக்கத்தை இத்தனை வருஷமும் நம்பரின் ஒரு பகுதி என்றுதான் பார்த்தேன். நீங்கள் சொன்ன கணக்கை எங்கள் பழைய எக்செலில் ஓட்டினேன். ஒத்துவராத நம்பர்கள் நிறைய வந்தன, பலவற்றில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. பில்லில் நம்பர் தவறு என்று பணத்தை நிறுத்தி வைத்திருந்த சில வேலைகளும் அதில் இருக்கின்றன. அவற்றை இப்போது திருத்தி அனுப்பப் போகிறேன். மிக்க நன்றி.

இரண்டு சந்தேகம். ஒரே கன்டெய்னர் சில மாதம் கழித்து மறுபடி ரிப்பேருக்கு வரும். அதைப் புது வேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கரண்ட் போய்விட்டால் என்ன ஆகும்?

---

வியாசர்பாடி நூலகன் பதில்:

இப்போது ஏஐ மாடலிடம் மெயிலைக் கொடுத்து "இதிலிருந்து நான்கு விவரத்தையும் எடு" என்றால் எடுத்துவிடுகிறதே. பேட்டர்ன் எழுதி ஏன் கஷ்டப்பட வேண்டும்?

---

ஜீரோ கேட் பதில்:

நூலகன் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். "லெஃப்ட் சைடு பேனல் டென்ட், டோர் கேஸ்கெட் கிழிஞ்சிருக்கு, அர்ஜென்ட்" என்று தமிழும் இங்கிலீஷும் கலந்து வருவதிலிருந்து வேலையின் வகையைப் பிரிக்க அது நன்றாக உதவும். ஆனால் நம்பரை அது எடுத்தாலும் சரிபார்ப்புக் கணக்கைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும், அந்த நம்பர் மூல மெயிலில் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்றும் நிரல் பார்க்க வேண்டும். வெளியார் மெயிலை வேறொரு கம்பெனியின் சேவைக்கு அனுப்புகிறோம் என்பதால் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதல் சந்தேகம். கன்டெய்னர் நம்பரை வேலை டேபிளின் சாவியாக வைக்கக் கூடாது. வேலைக்குத் தனி எண் கொடுங்கள். ஒரு நம்பர் வந்ததும், அதே நம்பருக்கு அதே டிப்போவில் இன்னும் முடியாத வேலை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இந்த மெயிலை அதனோடு இணையுங்கள், அது அப்ரூவலாகவோ திருத்திய எஸ்டிமேட்டாகவோ இருக்கும். முடிந்த வேலை மட்டும் இருந்தால் புது வரி. இதற்கு ஆட்கள் வேலையை முடித்ததும் அன்றைக்கே முடிந்தது என்று நீங்கள் குறிக்க வேண்டும். அது ஒரு வாரம் தள்ளிப்போனால் இந்த முறை கெட்டுவிடும், புது வேலை பழைய வேலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

ரிப்ளைகளில் கீழே மேற்கோளாக வரும் பழைய மெயிலை வெட்டிவிட்டு மேலே புதிதாக எழுதியதை மட்டும் பிரியுங்கள். இல்லாவிட்டால் போன வாரத்து எட்டுப் பாக்ஸும் மறுபடி முளைக்கும். சிலர் மேற்கோளுக்கு நடுவிலேயே பதில் எழுதுவார்கள் என்பதால், வெட்டிய பிறகு நம்பரே மிஞ்சாத ரிப்ளையை ஆள் பார்க்கும் வரிசைக்கு அனுப்புங்கள்.

கரண்ட் விஷயத்தில் கவலை வேண்டாம். மெயில் கூகுளிடம் பத்திரமாக இருக்கும். கம்ப்யூட்டர் எழுந்ததும் ஸ்கிரிப்ட் விட்டுப்போனதையெல்லாம் இழுத்துக்கொள்ளும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வையுங்கள், யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓடும்படி. எனக்குப் பயம் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் நின்றுபோவதுதான். திரை காலியாக இருக்கும், வேலை இல்லை போலிருக்கிறது என்று நினைப்பீர்கள். அதனால் ஜாப் கார்டு திரையின் மேலே "கடைசியாக மெயில் எடுத்த நேரம்" என்று பெரிய எழுத்தில் காட்டுங்கள், அரை மணிக்கு மேல் பழசானால் சிவப்பாகட்டும்.

டேட்டாபேஸின் நகலைத் தினமும் இரவில் வெளியே ஓரிடத்தில் ஏற்றுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிபியூ தரையில் இருந்தால் இன்றைக்கே மேசை மேல் தூக்கி வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் எக்செலையும் நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். சாயங்காலம் இரண்டையும் ஒப்பிட்டு, எக்செலில் இருந்து டேபிளில் இல்லாத மெயில் எது என்று பாருங்கள். அந்த மெயில்களின் எழுத்தை மட்டும், பெயர், போன் நம்பர், கம்பெனி எல்லாம் அழித்துவிட்டு இங்கே போடுங்கள். மேற்கோள் வெட்டும் பகுதியைச் சேர்ந்து எழுதிவிடலாம்.