பீடி சுற்றிய அம்மாவுக்குப் பணிக்கொடை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு முக்கூடல் பக்கம். அம்மா 22 வருஷம் சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றினாள். இலை, தூள் வாங்குவதும் கட்டுகளைக் கொடுப்பதும் ஊர்ப் பீடிக்கடையில்தான். விரல் மடங்காததால் போன மாதம் நிறுத்திவிட்டாள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்டால், "நீங்க கடைக்காரர் ஆள்" என்கிறது கம்பெனி. கடைக்காரரோ கம்பெனியைக் கைகாட்டுகிறார். பிஎஃப் மட்டும் கம்பெனி பெயரில் பிடித்தார்கள்!

வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளர்தான் என்று, அம்மா சுற்றிய காலத்தில் இருந்த 1966 பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அவர்களுக்கும் பிஎஃப் உண்டு என்று 1985-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. பணிக்கொடைக்கு 5 வருஷத் தொடர் வேலை போதும். வருஷத்துக்கு 15 நாள் கூலி, எண்ணிக்கைக் கூலிக்குக் கடைசி 3 மாதச் சராசரி. சரி, சட்டம் பக்கத்தில் இருக்கிறது. ஆதாரம்தான் சிக்கல்.

கையில் இருப்பது, இலை, பீடிக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகம் நான்கு. ஒன்று 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து மை ஊறிவிட்டது; சிவப்பில் எழுதிய 'கழிவு' (சரியில்லை என்று தள்ளிய பீடி) மட்டும் பளிச்சென்று தெரிகிறது. மற்ற வருஷங்களுக்கு பிஎஃப் கணக்கு விவரம் போதுமா? இலை குறைவாகத் தந்த மாதங்களைக் காட்டி 'தொடர்ச்சி இல்லை' என்றால் என்ன பதில் சொல்வது? மனுவில் கம்பெனி, கடைக்காரர் இருவரையும் சேர்க்கணுமா? திருநெல்வேலியில் இப்படி மனுப் போட்டு வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.