சக்தி குழுவின் பழைய இசைக்கு எங்கிருந்து தொடங்குவது?

2024-ல் கிராமி வாங்கியபிறகுதான் சக்தியின் 'திஸ் மொமெண்ட்' ஆல்பத்தைக் கேட்டேன். சங்கர் மகாதேவன் பாடுகிறார் என்றுதான் போட்டேன், ஆனால் செல்வகணேஷின் கஞ்சிராவிலேயே மாட்டிக்கொண்டேன். இந்தக் குழு எழுபதுகளிலேயே இருந்ததாமே, எதை முதலில் கேட்கலாம்?

பதில் 1:
1976-ல் வந்த முதல் ஆல்பம், யோசிக்கவே வேண்டாம். மேடையில் பதிவு செய்தது. கிதார் ஜான் மெக்லாலின், தபலா ஜாகிர் உசேன், வயலின் எல். சங்கர், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன், கடம் விக்கு விநாயக்ராம். செல்வகணேஷ் அந்த விக்குவின் மகன்தான்! அப்பா வாசித்த இடத்தில் மகன் என்று தெரிந்து கேட்டால் இன்னும் ருசிக்கும்.

பதில் 2:
வயலின் எல். சங்கர் பக்கமும் போய்ப் பாருங்கள். 1979-ல் அவருடைய ஒரு ஆல்பத்தைத் தயாரித்தவர் ராக் இசைக்கலைஞர் பிராங்க் ஸாப்பா, பத்து வருடம் கழித்து இன்னொரு ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 'பேஷன்' ஆல்பத்திலும் அந்த வயலின் இருக்கிறது, நான் அதைப் பல வருடம் கேட்டும் யார் வாசிப்பது என்று பார்த்ததே இல்லை. அப்புறம், அவருடைய அண்ணன்கள் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும். 'மால்குடி டேஸ்' டிவி தொடரின் இசை வைத்தியநாதனுடையது, அது தனிக் கதை.

பதில் 3:
மெக்லாலின் சக்திக்கு முன் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் புரூ' ஆல்பத்தில் வாசித்தவர், பிறகு அவருடைய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழு, காது கிழியும் மின்கிதார். அங்கிருந்து ஒலிபெருக்கம் இல்லாத கிதாருக்கு வந்த தைரியம் எனக்கு இன்றும் ஆச்சரியம். நடுவில் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் குழு மறுபடி வந்ததை விட்டுவிடாதீர்கள், மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அதில்தான்.

கேள்வி கேட்டவர்:
சரி, இன்றிரவு 1976 ஆல்பம்.