வீச்சுவலைக்கு ஈயக்குண்டு வீட்டிலேயே வார்க்க முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

பாரூர்க்காரன்:

வணக்கம். ஊர் பாரூர் ஏரிக்குப் பக்கம், வேலை ஓசூரில். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் வீச்சுவலை கிடைத்தது. எலி கடித்த இடத்தை மாமா பின்னிக் கொடுத்துவிட்டார், நூல் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிக்கயிற்றில் இருந்த ஈயத்தில் பாதியைக் காணோம், அப்பா போன பிறகு யாரோ கழற்றி எடைக்குப் போட்டிருக்கிறார்கள் (யார் என்று தெரியும், பெரியவர், கேட்க முடியாது). வீசினால் ஒரு பக்கம் சரசரவென்று அடிக்குப் போகிறது, மறு பக்கம் பாவாடை மாதிரி மிதக்கிறது, ஜிலேபிக் கெண்டை எல்லாம் அந்த வழியாகவே கிளம்பிவிடுகின்றன.

எண்ணிப் பார்த்ததில் இன்னும் 100 குண்டு வேண்டும். ஒன்று 20 கிராம் என்றால் 2 கிலோ. கடையில் வாங்கலாம்தான், ஆனால் மீதியிருப்பதெல்லாம் அப்பா கையால் வார்த்தவை, நானும் வார்த்தால் என்ன என்று ஒரு ஆசை. வீட்டில் செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று இருக்கிறது, அதை உடைத்தால் ஈயம் கிடைக்கும் என்கிறான் நண்பன். பழைய அலுமினியக் குண்டான் இருக்கிறது, சமையலறை கேஸ் அடுப்பு இருக்கிறது. இது போதுமா? அச்சுக்கு என்ன செய்வது? இதுவரை சூடாக உருக்கியது வெல்லப்பாகு மட்டும்தான்.

தொப்பூர் கணவாய்:

தலைப்பில் குண்டு வார்ப்பது என்று பார்த்ததும் பதறிவிட்டேன் தம்பி. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் காட்டோரக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் அறிவிப்பு வருவது வழக்கம்தானே. வலைக்கு என்றால் சரி. உருண்டையாக மட்டும் வார்க்காதீர்கள், துளையோ பிளவோ இருக்கட்டும். உருண்டை ஈயம் 100 பையில் இருந்தால் சோதனைச் சாவடியில் வலைக் கதை எடுபடாது.

ஊட்டமலைப் பரிசல்:

நான் ஒகேனக்கல் பக்கம். 20 வருடமாக எங்கள் வீட்டு வலைகளுக்கு நானேதான் வார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் வைத்திருக்கும் மூன்றும் வேண்டாம்.

பேட்டரியைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே இருக்கும் தட்டில் பெரும்பகுதி ஈயப் பசை, உலோகம் அல்ல. கந்தக அமிலம் வேறு ஊறியிருக்கும். உருக்கினால் கசடுதான் கால்வாசிச் சட்டிக்கு மிதக்கும், அந்தத் தூள் மூக்குக்குள் போகும், கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் மாதிரி விஷ வாயுவே கிளம்பலாம். 2022ஆம் வருட பேட்டரிக் கழிவு விதிகள்படி அது மறுசுழற்சிக்குத்தான் போகவேண்டும். புது பேட்டரி வாங்கும் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள், அந்தக் காசுக்கு உங்களுக்கு வேண்டிய ஈயத்தையே வாங்கிவிடலாம்.

அலுமினியக் குண்டான் சூட்டில் பலம் இழக்கும். ஈயம் தண்ணீரைப்போல 11 மடங்கு கனம், தூக்கும்போது காது கழன்றால் நேராக உங்கள் காலில். இரும்புச் சட்டியோ வார்ப்பிரும்புக் கடாயோ எடுங்கள், அது திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. அடுப்பும் அப்படித்தான், வெளியே மூன்று கல் வைத்து விறகு மூட்டினாலே ஈயம் உருகும், அதற்கு 327 டிகிரிதான் வேண்டும். மேலே கூரை இருக்கட்டும், நாலு பக்கமும் திறந்திருக்கட்டும்.

கூரை ஏன் என்றால், தண்ணீர். எனக்கு இடது முழங்கையில் மூன்று வெள்ளைத் தழும்பு இருக்கிறது. ஆடி மாதம், தூறல் விட்டுவிட்டது என்று வாசலில் உட்கார்ந்து வார்த்துக்கொண்டிருந்தேன். உருகின ஈயம் கண்ணாடி மாதிரி அமைதியாக இருந்தது. சட்டியில் இன்னும் கொஞ்சம் போடலாம் என்று பழைய ஈயக்குழாய்த் துண்டு ஒன்றைப் போட்டேன், அதன் மடிப்புக்குள் ஒரு சொட்டு ஈரம் இருந்திருக்கிறது போல. பட்டாசு மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், சட்டியில் பாதி ஈயம் கூரை ஓட்டில் ஒட்டியிருந்தது. தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும், மேலே கனமான ஈயம் அழுத்திக்கொண்டிருந்தால் அது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுதான் வெளியே வரும். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அன்றிலிருந்து, போடுகிற துண்டை சட்டி விளிம்பில் கால்மணி நேரம் காயவைத்த பிறகுதான் உள்ளே தள்ளுகிறேன். கரண்டியும் அப்படியே. வியர்வை சொட்டினாலும் சட்டிக்கு வெளியே சொட்டட்டும். முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, ஷூ. வேட்டி, செருப்போடு உட்காராதீர்கள்.

அச்சுக்கு ஒரு சுலபமான வழி. வெல்டிங் பட்டறையில் ஒரு அடி நீளத்துக்கு இரும்பு ஆங்கிள் துண்டு வாங்கி இரண்டு முனையையும் அடைக்கச் சொல்லுங்கள். வி மாதிரி நிறுத்தி, காயவைத்து, விளக்குப் புகையைக் காட்டிக் கரி பிடிக்க விடுங்கள். அதில் ஒல்லியாக ஊற்றினால் ஆறியதும் கம்பியாகத் தானே கழன்று வரும், இரும்பில் ஈயம் ஒட்டாது, ஆறும்போது சுருங்கவும் செய்யும். முதல் இரண்டு மூன்று ஊற்றல் சுருக்கம் சுருக்கமாக, கிழவி கன்னம் மாதிரி வரும். அச்சு இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம், திரும்பச் சட்டியில் போட்டுவிடுங்கள். பிறகு உளியால் விரல்கணு நீளத்துக்கு வெட்டி, சுத்தியால் தட்டையாக்கி, கயிற்றைச் சுற்றி மடித்துத் தட்டினால் முடிந்தது.

காவேரிப்பட்டினம் மாங்காய்:

ஈயத்துக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். நம் ஊர் வழியாகப் போகும் 44ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் வரிசையாக டயர்க் கடைகள்தானே. வீல் பேலன்ஸ் செய்யும்போது கழற்றிப் போடும் எடைகளை டப்பா டப்பாவாக வைத்திருப்பார்கள், ஒரு டீக்குக்கூடக் கொடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் எல்லாம் ஈயம் அல்ல. கட்டிங் பிளையரால் கடித்துப் பாருங்கள், பல் பதிந்தால் ஈயம், வழுக்கினால் துத்தநாகமோ இரும்போ. தரையில் போட்டால் ஈயம் தொப்பென்று விழும், துத்தநாகம் ணங்கென்று பாடும். துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும், அடுப்பு மிதமாக இருந்தால் அது மேலே மிதக்கும்போதே வாரிவிடலாம், உருகிக் கலந்துவிட்டால் சட்டி முழுக்கக் கஞ்சி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், 12 வருடம் டெக்சாஸில் இருந்தேன். அங்கே கூட வேலை பார்த்த ஒரு மனிதர் தன் 44 மேக்னம் ரிவால்வருக்குத் தோட்டாவை வீட்டுக் கொட்டகையிலேயே தயாரிப்பார், அங்கே அது சட்டப்படி செய்யும் பொழுதுபோக்கு. அவர் வார்க்கும் புல்லட் ஒன்று 240 கிரெய்ன், அதாவது 15 கிராமுக்குக் கொஞ்சம் மேல், உங்கள் வலைக்குண்டைவிடச் சற்று லேசு. ஆனால் தேவை நேர் எதிர். சுத்த ஈயம் குழலில் உரசிப் பூசிக்கொள்ளும் என்று ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து கெட்டியாக்குவார், தேன்மெழுகுப் பசை தடவுவார், சிலிண்டர் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் அளவுக்கு ஒவ்வொன்றையும் அச்சில் அழுத்துவார். அளவு குறைந்தால் சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரித்துவிடுமாம்.

அவர் பயந்தது ஈயத்துக்கு அல்ல, வெடிமருந்துக்கு. அந்தத் தோட்டாவின் பெரிய கூடுகளில் இப்போதைய மருந்து கொஞ்சமாகத்தான் போடவேண்டும், மறதியில் இரண்டு தடவை போட்டாலும் கூட்டில் இடம் இருக்கும், ரிவால்வர் கையிலேயே வெடிக்கும். அதனால் 50 கூடுகளையும் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்த பிறகுதான் புல்லட்டை உட்காரவைப்பார். அந்த நேரத்தில் யாராவது பேசினால் முதலிலிருந்து திரும்ப எண்ணுவார். பிறகு கூட்டின் வாயை உள்பக்கமாக மடித்து இறுக்கவேண்டும், இல்லையென்றால் பின்னுதையில் அடுத்த தோட்டாவின் புல்லட் முன்னால் நழுவி சிலிண்டரைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இங்கே இதை நினைத்தும் பார்க்காதீர்கள். 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், துப்பாக்கி உரிமம் கையில் இருந்தாலும் அது தயாரிப்பதற்கான உரிமம் அல்ல. உருக்குவது வரைக்கும்தான் அவருக்கும் நமக்கும் பொது. ஒரு விஷயம் அவரிடம் கற்றது: உருகினதும் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் போட்டுக் காய்ந்த குச்சியால் கிளறினால் அழுக்கு தனியாகப் பிரியும். குப்பென்று தீப்பிடிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

தொப்பூர் கணவாய்:

எங்கள் பாட்டி ஈயச் சொம்பில்தான் ரசம் வைப்பாள், 90 வயது வரை இருந்தாள். ஈயம் ஈயம் என்று இவ்வளவு பயமுறுத்துகிறீர்களே.

கறவை மாட்டுக்காரி:

அண்ணா, ரசச் சொம்பு வெள்ளீயம். இவர் உருக்கப்போவது காரீயம். பெயர்தான் பங்காளி, குணம் வேறு. (இப்போது சொம்பு வாங்கினாலும் கலப்படம் இல்லாமல் பார்த்து வாங்கவேண்டும்.)

பாரூர்க்காரரே, எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி ஒன்று ஈயத்தால்தான் செத்தது. யாரோ பேட்டரியை உடைத்து அந்தத் தட்டை வேலியோரம் வீசியிருக்கிறார்கள், அது கொஞ்சம் இனிக்கும் போல, நக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டே நாளில் கண் தெரியாமல் சுவரில் முட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் எங்காவது பேட்டரி கிடக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். அதனால் வாரிப்போட்ட கசடைக் கொல்லையில் கொட்டாதீர்கள், மூடி போட்ட டப்பாவில் வைத்து ஈயம் வாங்கும் கடைக்கே கொடுங்கள். வார்க்கிற அன்று குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவே கூடாது, குழந்தைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. ஆவியைவிடக் கையில் ஒட்டும் தூள்தான் உடம்புக்குள் போகும் வழி. நடுவில் டீ, பீடி, வெற்றிலை எதுவும் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், அடுப்பும் சட்டியும் நன்றாக ஆறின பிறகு.

பாரூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பேட்டரியைக் கடையில் கொடுத்தாயிற்று. குந்தாரப்பள்ளி பக்கம் ஒரு டயர்க் கடையில் 3 கிலோ வீல் எடை கிடைத்தது, கடித்துப் பார்த்ததில் முக்கால் கிலோ இரும்பு, கொஞ்சம் துத்தநாகம், மீதி ஈயம். மாமாவின் மாட்டுக்கொட்டகை காலியாக இருக்கிறது, மாடு பக்கத்து வயலுக்குப் போய்விடும். ஒரே சந்தேகம், வீல் எடை ஈயம் கெட்டி என்கிறார்களே, கயிற்றில் மடியுமா?

ஊட்டமலைப் பரிசல்:

மடியும், ஆனால் அவசரப்பட்டால் மடிப்பில் விரிசல் விடும். ஒட்டுகிற வகை வீல் எடை கிடைத்தால் அதைப் பாதி கலந்துகொள்ளுங்கள், அது மிருதுவான ஈயம். அப்புறம் ஒன்று, அப்பா வார்த்த பழைய குண்டுகளில் சின்னச் சின்னப் பல் தடம் இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் வாயில் நாலு குண்டை அடக்கிக்கொண்டு, பல்லால் கடித்துத்தான் கயிற்றில் இறுக்குவார்கள், என் அப்பாவும் அப்படித்தான். நீங்கள் பிளையர் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாரூர்க்காரன்:

பார்த்தேன் அண்ணா. இருக்கிறது. எல்லாவற்றிலும் இருக்கிறது.