ஹார்ட் டிஸ்கில் 'டிக் டிக்' சத்தம்: புதுக் கணினி வாங்கும்வரை செக்டிஸ்க் போட்டு ஓட்டலாமா?

கேள்வி:
2014-ல் வாங்கிய கணினி, விண்டோஸ் 10, 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஒரு வாரமாக உள்ளே 'டிக்... டிக்' சத்தம். படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் அரை நிமிடம் அப்படியே நின்றுவிடுகிறது. ஆன் செய்யும்போதெல்லாம் தேதியும் பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. புதிது வாங்கப் போகிறேன், அதுவரை செக்டிஸ்க் (டிஸ்கில் உள்ள பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் விண்டோஸ் கருவி) போட்டு ஓட்டலாமா? படங்கள் கிளவுடில் சிங்க் ஆகின்றன, அதனால் பேக்கப் பற்றிக் கவலை இல்லை.

பதில் 1:
செக்டிஸ்க் இப்போது வேண்டாம். மோசமான செக்டார்களை, அதாவது டிஸ்கில் கெட்டுப்போன இடங்களைத் தேடச் சொன்னால் டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும். உள்ள கொஞ்ச உயிரும் அதிலேயே போய்விடலாம். முதலில் படங்களை வெளி டிஸ்கில் ஏற்றுங்கள், அப்புறம் ஆவணங்கள். மென்பொருள்களை விட்டுவிடுங்கள், திரும்ப நிறுவிக்கொள்ளலாம்.

ரோபோகாப்பி (கோப்புகளை நகலெடுக்கும் விண்டோஸ் கட்டளை) பயன்படுத்தினால் மறுமுயற்சி 1, காத்திருப்பு 1 வினாடி என்று கொடுங்கள். சும்மா விட்டால், படிக்க முடியாத ஒரே கோப்பை 30 வினாடிக்கு ஒருமுறை, 10 லட்சம் தடவை முயன்றுகொண்டிருக்கும்!

தேதி மாறுவது பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்ததால். அதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

பதில் 2:
சிங்க்கை பேக்கப் என்று நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். வீட்டில் யாரோ போனில் ஒரு ஃபோல்டரை அழிக்க, எல்லா இடத்திலும் அழிந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், அதற்குள் கிளவுடின் குப்பைத்தொட்டியும் காலி. வெளி டிஸ்கில் ஒரு பிரதி இருக்கட்டும், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

புதிது வாங்குவது சரிதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உங்கள் கணினி விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலிலும் வராது.

கேட்டவர்:
செக்டிஸ்க் போடவில்லை, நன்றி. ராத்திரி முழுக்க ஓடிக் காப்பி முடிந்தது. மூன்று படங்கள் மட்டும் வரவில்லை. அதில் ஒன்று கிளவுடில் முழுசாக இருந்தது. பழைய டிஸ்கை இனி அழித்துவிடலாமா?

பதில் 1:
பொறுங்கள். ஃபோல்டர் அளவு ஒத்துப்போனால் மட்டும் போதாது, வெளி டிஸ்கில் இருக்கும் படங்களை அங்கங்கே திறந்து பாருங்கள். பாதிப் படம் சாம்பல் நிறமாக வந்தால் அந்தக் கோப்பு கெட்டுவிட்டது. புதுக் கணினியில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதன் மீட்புச் சாவியையும் தாளில் எழுதி வையுங்கள், அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்துவிடாதீர்கள்.