‘இணையாக்கம்’ வேண்டாம், ‘கதிர்வரம்பு’ ஆகுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பச்சிளங்குழந்தைகளுக்கு எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பது பற்றிய கையேட்டில் ‘கொலிமேஷன்’ (எக்ஸ்-கதிர் விழும் பரப்பை வேண்டிய அளவுக்கு வரையறுத்தல்) என்பதை ‘இணையாக்கம்’ என்றே எழுதிவிடலாம் என்னும் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியில் ‘இணையாக்கி’ பொருத்தமான சொல். அங்கே வில்லை ஒளியை உண்மையாகவே இணைகதிர்களாக்குகிறது. எக்ஸ்-கதிர்க் குழாயின் வாயிலில் உள்ள ஈயத் தகடுகளோ எதையும் இணையாக்குவதில்லை. ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வரும் கதிர்களின் ஓரங்களை மறித்து, அக்கதிர்கள் விழும் பரப்பை மட்டுமே அத்தகடுகள் வரையறுக்கின்றன. (‘கொலிமேஷன்’ என்ற மூலச்சொல்லே ‘கொலினியாரே’ என்ற இலத்தீன் வினையைப் பிழையாகப் படித்ததில் பிறந்தது, அந்தப் பிழையை நாமும் சுமக்க வேண்டியதில்லை.)

கதிர் விழும் பரப்பைப் ‘புலம்’ எனக் கொண்டு ‘புல ஒடுக்கம்’ என்றால், அது இதைவிட நெருங்கி வருகிறது. ஆனால் ஒடுக்கம் என்றால், சிறிதாக்கச் சிறிதாக்க நல்லது என்று தோன்றும். இன்குபேட்டரில் கிடக்கும் குறைமாதக் குழந்தைக்கு அது எப்போதும் பொருந்தாது. மார்புப் படத்தில் தலையும் கைகளும் இடுப்பும் கதிர்ப்பரப்புக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது சரியே. ஆயினும் நுரையீரலின் உச்சி விடுபட்டுப்போனால் மீண்டும் ஒரு படம் எடுக்க நேர்ந்து, கதிரளவு இருமடங்காகும். தொப்புள்வழிச் செலுத்திய குழாயின் நுனியைப் பார்க்க வேண்டிய நாளில் மார்பும் வயிறும் சேர்ந்தே தேவைப்படலாம்.

ஆகவே ‘கதிர்வரம்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வினை ‘கதிர்வரம்பிடு’, கருவி ‘வரம்பி’. வயலின் வரம்பு நீரை வேண்டிய இடத்தில் நிறுத்தி அயல்வயலுக்குப் போகாமல் காக்கிறது. எவ்வளவு பரப்பு என்பது வயலைப் பொறுத்தது. நெற்கதிர் நினைவுக்கு வருமே என்பீர்கள். வரட்டும், கெடுதல் இல்லை. தேவையற்ற பரப்பில் கதிர் விழாதபோது சிதறலும் குறைந்து படம் தெளிவடைகிறது என்பதால், இச்சொல் பாதுகாப்பு, தரம் இரண்டுக்கும் உரியதாகும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். எடுத்து முடித்த படத்தின் ஓரங்களைப் பின்னர்த் திரையில் வெட்டுவதையும் சிலர் ‘கொலிமேஷன்’ என்றே சொல்கிறார்கள். அதனால் குழந்தை ஏற்ற கதிர் எள்ளளவும் குறைவதில்லை. குழந்தையைப் பிடித்திருந்தவரின் விரல்கள் கதிர்ப்பரப்பில் இருந்தன என்ற தடயம்கூட மறைந்துபோகிறது. அதை ‘பட நறுக்கல்’ என்று தனியே பெயரிட்டு, கதிர் பாயும் முன் செய்வதற்கு மட்டும் ‘கதிர்வரம்பு’ என்பதை ஒதுக்குவோம்.

கதிரியக்கப் பிரிவில் பணிபுரிவோர் ஒன்று சொல்ல வேண்டும்: “கொலிமேட் பண்ணியாச்சா?” என்று கேட்கும் இடத்தில், “வரம்பு போட்டாச்சா?” என்பது உங்கள் நாவில் வருமா?