40 குதிரை அவுட்போர்டு: பிராக்கெட் ஆடுது, ரிவர்ஸ் போட்டா மேலே எழும்புது

சல்வீன்_கரை (மோல்மேன்):
அண்ணன்மாருக்கு வணக்கம். என்னோடது படகுக்குப் பின்னாடி மாட்டுற அவுட்போர்டு மோட்டார், யமஹா 40 எண்டுரோ, டூ ஸ்ட்ரோக், கையால தூக்குற மாடல். 2017ல எதிர்க்கரைத் தீவுக்குப் போற பிலுச்சூன் பாலம் திறந்ததுக்கப்புறம் ஆள் சவாரி குறைஞ்சு போச்சு. ரோடு எட்டாத ஓடைக் கிராமங்களுக்கு அரிசி, சிமெண்ட் ஏத்துறேன். இப்ப ஹேண்டிலைப் பிடிச்சா மோட்டாரே பக்கவாட்டுல ஆடுது. ரிவர்ஸ் போட்டா மோட்டாரோட கால் (தண்ணிக்குள்ள இருக்கிற கீழ்ப்பகுதி) தண்ணிய விட்டு எழும்புது. தற்சமயத்துக்குக் கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கேன். ஒரு பட்டறைக்காரர் மோட்டாரைப் படகுல பிடிச்சிருக்கிற பிராக்கெட் முழுசையும் மாத்தணும்கிறார், இன்னொருத்தர் வெண்கல புஷ் (போல்ட்டைச் சுத்தித் துளைக்குள்ள உக்கார்ற வளையம்) கடைஞ்சு தர்றேங்கிறார். எது சரி?

தாவே_வலை:
வெண்கலமே போடுங்க. நைலான் சீக்கிரம் தேயும், வெண்கலம் காலத்துக்கும் நிக்கும்.

பழைய_ஸ்பானர் (ரங்கூன், டாலா):
தம்பி, மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல அந்தக் கயிற அவுத்துடுங்க. மழைக்காலத்துல சல்வீன்ல மரக்கட்டை மிதந்து வரும். முன் கியர்ல ஓடும்போது கட்டை அடிச்சா மோட்டார் தானா எழும்பணும். மோட்டார் எழும்பாம பிடிக்கிற ரிவர்ஸ் கொக்கி, ரிவர்ஸ்ல மட்டும் விழுற மாதிரி வச்சிருக்கிறதே அதுக்காகத்தான். கட்டிப் போட்டா அடி முழுக்கப் பின்பலகைக்கும் கிளாம்புக்கும் போகும்.

அந்தக் கொக்கி மாட்டுறது சாய்வு மாத்துற கம்பியில. ஒரிஜினல் கம்பி தொலைஞ்சு யாராவது கைக்குக் கிடைச்ச போல்ட்டைச் சொருகியிருந்தா, கொக்கி பிடிக்காம வழுக்கும். பிராக்கெட்டுக்குக் காசு எண்ணுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

அடுத்தது ஆட்டம். எஞ்சினை நிறுத்திட்டு நீங்க கால் அடியில இருக்கிற கியர் கேஸைப் பிடிச்சு ஆட்டுங்க, இன்னொருத்தர் ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வச்சுப் பார்க்கட்டும். பலகையில கடிச்சிருக்கிற கிளாம்ப் பிராக்கெட்டுக்கும் உள்ளே திரும்புற பிராக்கெட்டுக்கும் நடுவுல ஆடினா டில்ட் போல்ட் (மோட்டாரைத் தூக்கும்போது அது சாயுற அச்சு) புஷ். திரும்புற தண்டுல ஆடினா ஸ்டியரிங் புஷ். ரெண்டும் அசையாம கால் மட்டும் ஆடினா கீழ் ரப்பர் மவுண்ட் போச்சு. படகைத் தள்ளுற விசைய வாங்குறது அந்த ரப்பர்தான். கியர் விழும்போது 'டொக்'குனு சத்தம் வந்தா அங்கதான் சந்தேகப்படணும்.

வெண்கலம் வேண்டாம். அலுமினியத் துளைக்குள்ள வெண்கலம் இருந்து உப்புத் தண்ணியும் சேர்ந்தா கரையிறது அலுமினியம். வெயில் காலத்துல உங்க ஆத்துல உப்பு ஏறும். புஷ் நிக்கும், பிராக்கெட் போயிடும். கடையறதானா அசிட்டால்ங்கிற கெட்டி பிளாஸ்டிக் கம்பி வாங்குங்க. சாதா நைலான் தண்ணி குடிச்சு உப்பும், இறுக்கமா கடைஞ்சா அப்புறம் மோட்டாரைத் தூக்கவே முடியாது. துளையே முட்டை வடிவமா தேஞ்சிருந்தா புஷ் மாத்திப் பயனில்லை, பட்டறைக்காரர் சொன்னபடி பிராக்கெட்தான்.

போல்ட் கழறாது, அது நிச்சயம். பெட்ரோல் டாங்க், குழாய் எல்லாத்தையும் தூரமா எடுத்து வச்சிட்டு பிராக்கெட்டைச் சூடு பண்ணுங்க, போல்ட்டை இல்ல. அலுமினியம் இரும்பை விட அதிகமா விரியும், துளை இளகும். நட்டை முழுசா எடுக்காம போல்ட் முனையோட மட்டமா நிறுத்திட்டுத் தட்டுங்க, மரை நசுங்காது. கழட்டுறதுக்கு முன்னாடி மோட்டாரைச் சங்கிலியில தொங்க விட மறக்காதீங்க. எழுபது கிலோவுக்கு மேல, கால்ல விழுந்தா யாரும் ரப்பரைப் பத்திப் பேச மாட்டோம்.

சல்வீன்_கரை:
அண்ணே, நீங்க சொன்னதுதான். கம்பி இருக்க வேண்டிய இடத்துல மெல்லிசா ஒரு கட்டட போல்ட். நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கு போல. புஷ் ரெண்டும் ஓடாத் தேஞ்சிருக்கு, துளை வட்டமாத்தான் இருக்கு. கீழ் ரப்பர் ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு. அந்த ஒண்ணை மட்டும் மாத்தினா போதுமா?

பழைய_ஸ்பானர்:
ரெண்டு பக்கமும் மாத்துங்க. ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா கால் கோணலா நிக்கும். மேல் ரப்பருக்குப் பல மாடல்ல எஞ்சின் தலையையே இறக்கணும். வெடிப்பு இல்லைன்னா இப்ப அதைத் தொடாதீங்க. டில்ட் போல்ட்டுக்குப் புது லாக் நட் போடுங்க. மோட்டார் கொஞ்சம் இறுக்கமா எழும்புற அளவுக்கு முடுக்கினா போதும். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கிற மூக்கு) அடைச்சிருந்தா கழட்டிச் சுத்தம் பண்ணி, பழைய அழுக்கு கிரீஸ் வெளியே வந்து புதுசு தெரியுற வரைக்கும் மரைன் கிரீஸ் அடிங்க.