12,000 ரூபாய்க்குள் மைட்டர் சா: வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வாங்கலாமா, வேண்டாமா?

காட்பாடித் தோட்டக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு சிறு காய்கறித் தோட்டம் இருக்கிறது. இலவம்பாடி முள்கத்திரிக்கு உயர்த்திய பாத்திகளும், அவரைக்கும் புடலைக்கும் ஒரு பந்தலும், ஒரு கோழிக்கூண்டும், அவை முடிந்த பின் வீட்டுக்குள் சில படச்சட்டங்களும் நானே செய்ய நினைக்கிறேன். கையில் இருப்பவை தேக்கு ரீப்பர்கள், வேப்பம் பலகைகள், இடித்த பழைய வீட்டின் உத்தரங்கள் ஆகியவை. 12,000 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. மரத்தைக் குறுக்கே துண்டு போடும் மின் அறுவை இயந்திரமான மைட்டர் சாவில், 10 அங்குலப் பிளேடு கொண்ட சாதாரண வகை ஒன்றும், ஏறக்குறைய அதே விலையில் பெயர் தெரியாத நிறுவனத்தின், தலைப்பகுதி முன்னும் பின்னும் நகரும் சிலைடிங் வகை ஒன்றும் கடையில் காட்டினார்கள். எதை எடுப்பது?

ஆற்காட்டுத் தச்சர்:
தம்பி, இரண்டையும் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மைட்டர் சா மரத்தைக் குறுக்கே மட்டுமே அறுக்கும். நேராகவோ கோணமாகவோ துண்டு போடலாம், அவ்வளவுதான். பலகையை நீளவாக்கில் கிழிக்கவும் முடியாது, பிளைவுட் தாளைப் பிரிக்கவும் முடியாது. நீளவாக்கு வேலைக்கு எப்படியும் மர அறுவை மில்லுக்குப் போகத்தான் போகிறீர்கள்; போகும்போதே அளவைச் சொன்னால் அங்கேயே துண்டும் போட்டு, இழைத்தும் கொடுத்துவிடுவார்கள். பந்தலுக்குச் சவுக்குக் கழியோ மூங்கிலோ தான் பயன்படுத்துவீர்கள். உருண்டையான கழியை இந்த இயந்திரத்தில் வைத்தால் பிளேடு பட்டவுடன் அது உருளும், கையையும் சேர்த்து இழுக்கும். அந்தப் பணத்தில் கையில் பிடித்து ஓட்டும் ஒரு 7 அங்குலச் சர்க்குலர் சா (வட்ட ரம்பம்), ஒரு நல்ல கைரம்பம், ஒரு மூலைமட்டம் வாங்கினால் நீளத்துக்கும் குறுக்குக்கும் இரண்டுக்கும் ஆகும். கல்லும் டைல்ஸும் அறுக்கும் மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் அந்தச் சிறு இயந்திரம் மரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

வாலாஜா பொறியாளர்:
தச்சர் ஐயா சொல்வதில் நீளவாக்கு அறுப்பு பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவரின் பட்டியலைப் பார்த்தால், அதில் பெரும்பகுதி ஒரே அளவில் பல துண்டுகள் போடும் வேலையாக இருக்கிறது. கோழிக்கூண்டுக்கும் பாத்திக்கும் டஜன் கணக்கில் ரீப்பர் துண்டுகள் தேவைப்படும். மைட்டர் சாவின் அருகே ஒரு தடுப்புக் கட்டையைப் பூட்டிவிட்டால் ஒவ்வொன்றையும் அளக்காமலேயே எல்லாம் ஒரே நீளத்தில் வரும். பழகிய தச்சரின் கை கைரம்பத்திலேயே அதைச் செய்துவிடும். புதிதாகத் தொடங்குபவரின் கை செய்யாது. அந்தப் பழக்கத்துக்கு ஈடாகத்தான் இயந்திரத்துக்குப் பணம் கொடுக்கிறோம்.

இனி எந்த இயந்திரம் என்பதற்கு வருகிறேன். விளம்பரத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 10 அங்குல வகையில் பெரும்பாலானவை 1,600 வாட்டுக்கு மேல்தான் இருக்கும். தேக்கு ரீப்பருக்கு அது தாராளம். பார்க்க வேண்டியது கோணத்தின் துல்லியம். நான்கு பக்கப் படச்சட்டத்துக்கு எட்டு வெட்டுகள் உண்டு. ஒவ்வொரு வெட்டிலும் கால் டிகிரி ஒரே பக்கமாகப் பிசகினால், மூன்று மூலைகளை இறுக்கிப் பொருத்திய பிறகு கடைசி மூலையில் 2 டிகிரி மிஞ்சும். சட்டத்தின் அகலம் 50 மி.மீ. என்றால் அந்த மூலையில் சுமார் 2.5 மி.மீ. இடைவெளி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கால் டிகிரி என்பது கண்ணுக்கே தெரியாத பிசகு.

இந்த இடத்தில்தான் மலிவான சிலைடிங் வகை தோற்கிறது. தலைப்பகுதி முழுவதும் தண்டுகளின் மேல் முன்னும் பின்னும் ஓட வேண்டும். அந்தத் தண்டுகளும் பேரிங்குகளும் நன்றாக இருந்தால்தான் ஆட்டம் இருக்காது, நன்றாக இருந்தால் விலையும் ஏறும். ஒரே விலைக்கு இரண்டு வகையும் கிடைக்கிறது என்றால் சிலைடிங்கில் எங்கோ குறைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒற்றைக் கீலில் இறங்கி ஏறும் சாதாரண வகையில் ஆடுவதற்குரிய இடங்களே குறைவு.

ஆம்பூர் அறைகலன்:
பொறியாளரின் கணக்கு சரி, முடிவு சரியில்லை. சாதாரண 10 அங்குல இயந்திரம் நேர் வெட்டில் சுமார் 130 மி.மீ. அகலம்தான் எடுக்கும், 45 டிகிரிக்குத் திருப்பினால் அது 90 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். உயர்த்திய பாத்திக்கு 6 அல்லது 8 அங்குலப் பலகை வேண்டும். முதல் வேலையிலேயே பலகை இயந்திரத்துக்குள் அடங்கவில்லை என்றால் அதை வாங்கி என்ன பயன்? சிலைடிங் வகை ஓரடி அகலம் வரை எடுக்கும். பாத்திக்கும் கூண்டுக்கும் கால் டிகிரித் துல்லியம் யாருக்கு வேண்டும்?

வாலாஜா பொறியாளர்:
அகலம் பற்றிய அளவுகளை மறுக்கவில்லை. ஆனால் 8 அங்குலப் பலகையைச் சாதாரண வகையில் ஒருமுறை அறுத்து, மறுபுறம் திருப்பி, அதே தடுப்புக் கட்டையில் முட்டவைத்து மீதியை அறுக்கலாம். இரு வெட்டும் சேரும் இடத்தில் மயிரிழை அளவுக்குத் தடம் தெரியும். மண் அணைக்கும் பலகையில் அதை யாரும் தேடப் போவதில்லை. அகலப் பலகையைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்க வழி உண்டு. ஆடும் தண்டைச் சமாளிக்க வழி இல்லை. மேலும் சிலைடிங்கைச் சுவரை ஒட்டி வைக்க முடியாது, தண்டுகளுக்குப் பின்னால் இடம் விட வேண்டும்.

ஆற்காட்டுத் தச்சர்:
நீங்கள் இருவரும் கால் டிகிரியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நம் ஊர் வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய சுருங்காது. அதனால் 45 டிகிரிக்கு அறுத்த முனையின் கோணம் தானாகவே குறைந்து, சட்டத்தின் உட்பக்க மூலை திறந்துகொள்ளும். மழைக்காலத்தில் மரம் ஊறினால் வெளிப்பக்கம் திறக்கும். எந்த இயந்திரத்தில் எத்தனை துல்லியமாக அறுத்தாலும், நன்றாகக் காயாத வேப்பம் பலகையில், இப்படி 45 டிகிரி முனைகளைச் சேர்க்கும் மைட்டர் மூட்டு நிற்காது. தோட்டத்துக்குச் செய்பவற்றில் நேராக அறுத்த முனையை முட்டவைக்கும் நேர்மூட்டு அல்லது இரு கட்டைகளிலும் பாதிக் கனத்தை எடுத்துப் பொருத்தும் அரைமூட்டு போடுங்கள்; அதற்குக் கோணம் திரும்பும் இயந்திரமே தேவையில்லை.

வாலாஜா பொறியாளர்:
ஐயா, மரத்தின் இயல்பைப் பற்றி நீங்கள் சொன்னதில் மாற்றுக் கருத்தே இல்லை. வெளியில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் பொருளுக்கு மைட்டர் மூட்டு கூடாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் சுருக்கத்தின் அளவு அகலத்தைப் பொறுத்தது. 6 அங்குலப் பலகையில் பளிச்சென்று தெரியும் பிளவு, ஓர் அங்குலத் தேக்குச் சட்டத்தில் பொருட்படுத்தும் அளவுக்கு வராது; தேக்கு பொதுவாகவே குறைவாகச் சுருங்கும் மரம். வீட்டுக்குள் மாட்டும் படச்சட்டத்துக்கு இயந்திரத்தின் துல்லியம் வீண் போகாது.

ராணிப்பேட்டை அலுமினியம்:
நான் ஜன்னல், தடுப்புச் சுவர் வேலை செய்பவன்; இந்த இயந்திரத்தை நாள்தோறும் கையாளுகிறேன். விவாதத்தில் பிளேடு விட்டுப்போயிருப்பதால் எழுதுகிறேன். மலிவு விலையில் கிடைப்பவற்றில் சில, அலுமினியத்துக்கான 100 அல்லது 120 பல் பிளேடுடன் வரும். பற்களுக்கிடையே தூள் வெளியேற இடமில்லாததால் அது மரத்தில் மெதுவாகப் போகும், சூடேறும், வெட்டு முகத்தைக் கருக்கிவிடும். தோட்ட வேலைக்கு 40 பல், படச்சட்டத்துக்கு 60 பல் கொண்ட கார்பைடு முனைப் பிளேடு வாங்குங்கள். பிளேடின் நடுத்துளை உங்கள் இயந்திரத்தின் தண்டுக்கு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள், 25.4 மி.மீ., 30 மி.மீ. என இரண்டும் சந்தையில் உண்டு. அளவு மாறினால் வளையம் சொருகி ஆட்டத்தோடு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். இரும்புக் குழாய் அறுக்கலாம் என்று உராய்வுத் தகட்டை மாட்டுவது அதைவிட மோசம்: பாதுகாப்பு உறை தீப்பொறிக்காகச் செய்யப்பட்டதல்ல, பின்னால் தொங்கும் பையில் மரத்தூள் இருக்கும்.

மின்சாரம்: 1,650 வாட் என்றால் ஓடும்போது 7 ஆம்பியர், தொடங்கும்போது அதைவிடப் பல மடங்கு. 15 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டும் போடுங்கள். தோட்டத்துக்கு ஒயர் இழுத்தால் 2.5 சதுர மி.மீ. கம்பியாக இருக்கட்டும்.

காட்பாடித் தோட்டக்காரர்:
அனைவருக்கும் நன்றி. நீளவாக்கு அறுப்பை மில்லில் முடித்துக்கொண்டு, சாதாரண 10 அங்குல வகையையே எடுக்கலாம் என்று தோன்றுகிறது. சவுக்குக் கழிகளுக்குக் கைரம்பம். கடையில் எதைச் சோதிக்க வேண்டும்?

வாலாஜா பொறியாளர்:
மூலைமட்டத்தை எடுத்துச் செல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் தலைப்பகுதியைக் கீழே இறக்கிப் பூட்டி, பிளேடுக்கும் மேசைக்கும் 90 டிகிரி இருக்கிறதா, பிளேடுக்கும் மரத்தை ஒட்டி நிறுத்தும் பின்சட்டத்துக்கும் 90 டிகிரி இருக்கிறதா என்று பாருங்கள். பிசகு இருந்தால் திருகு வைத்துச் சரிசெய்ய வசதி உண்டா என்று கேளுங்கள். பின்சட்டத்தின் இரு பாதிகளும் ஒரே கோட்டில் இல்லையென்றால் அந்த இயந்திரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மோட்டாரில் தேய்ந்து மாற்ற வேண்டிவரும் கார்பன் பிரஷ் வேலூரிலேயே கிடைக்குமா என்பதையும் கேட்டு வாங்குங்கள். வேலையின்போது கை பிளேடிலிருந்து 6 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். அதைவிடச் சிறிய துண்டைக் கிளாம்ப் போட்டுத்தான் அறுக்க வேண்டும். உத்தரங்களில் ஆணி இருக்கிறதா என்று ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு அறுங்கள்.

ஆற்காட்டுத் தச்சர்:
காந்தம் மேலாக இருக்கும் ஆணியைத்தான் காட்டும் தம்பி. பழைய உத்தரத்துக்குள் தலை முறிந்து ஆழத்தில் நிற்கும் ஆணியை அது காட்டாது, உங்கள் புதுப் பிளேடுதான் கண்டுபிடிக்கும். அந்த உத்தரங்களை எந்த இயந்திரத்திலும் வைக்காதீர்கள். கைரம்பத்தால் தேவையான உயரத்துக்கு அறுத்து, பாத்தியின் நான்கு மூலைகளிலும் குத்துக்கால்களாக அப்படியே நட்டுவிடுங்கள்.